மாமா வந்தார், கோட்டை போயிற்று!

பியர் எஸ்ப்ரி ரடிஸன் என்று ஒரு மனிதர் இருந்தார். பதினேழாம் நூற்றாண்டுக்காரர். பிரான்ஸிலே பிறந்து, கானடாக் காடுகளிலே வளர்ந்து, லண்டனிலே மண்ணுக்குள் போனவர். தொழில் என்னவோ மிருகத் தோல் வியாபாரந்தான். ஆனால் அவரைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால், "இங்கிலீஷ்காரனுக்கு விலைபோனவன்" என்றார்கள். இங்கிலீஷ்காரர்களைக் கேட்டால், "பிரெஞ்சுக்காரனின் வேவுகாரன்" என்றார்கள். இரு தரப்பாரும் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை!

வீர சாகசக் கதைகளை எழுதுகிறவர்கள் ரடிஸனைக் கதாநாயகனாக்கிக் கொண்டாடுவதுண்டு. எனக்கு என்னவோ அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய மருமகனின் ஞாபகந்தான் வருகிறது. மருமகன் என்றால் மாப்பிள்ளை அல்ல, அக்காள் பிள்ளை. ழான் பாப்திஸ்த் ஷுவார் என்று பெயர். ரடிஸன் அவனுக்குத் தாய்மாமன். அந்த உறவு எப்படிப்பட்டது என்று இந்தப் பத்திரிகையின் நேயர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாய்மாமன் அந்தப் பிள்ளைக்குச் செய்ததைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால் தொப்பி சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

தொப்பிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எல்லாம் தொப்பியினால் வந்த வினைதான்!

அந்த நாளில் ஐரோப்பாவில் கௌரவமான ஆண்பிள்ளை எவனும் தொப்பி இல்லாமல் தெருவில் இறங்கமாட்டான். தொப்பிகளுக்குள்ளே உயர்ந்த ஜாதித் தொப்பி, பீவர் மயிரில் செய்தது. பீவர் என்பது குளிர்தேசத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் வசிக்கிற பிராணி. ஒரு பெருச்சாளியை இருபது மடங்கு பெரிதாக்கி, வாலைத் துடுப்பு மாதிரி தட்டையாக அடித்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பல்லாலேயே மரத்தை வெட்டிச் சாய்த்து ஆற்றுக்கு அணைகட்டும் கெட்டிக்கார ஜந்து. அதன் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். மேலே நீளமான முரட்டு மயிர். அடியிலே பஞ்சு போன்ற மெல்லிய மயிர். இந்த அடிமயிரின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டு அழுந்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நெய்யாமலே கெட்டித் துணியாகிவிடும். மழையில் நனைந்தாலும் உருக்குலையாது. ஐரோப்பாவிலிருந்த பீவர்களை எல்லாம் தொப்பியாக்கித் தீர்த்துவிட்ட பிறகு, துரைமார்களின் பார்வை வட அமெரிக்காவின் பக்கம் திரும்பியது.

இதில் ஒரு விசித்திரம். புதிதாக உரித்த தோலைவிட, கானடாவின் பூர்வகுடி மக்கள் உடுத்திப் பழசாக்கிய தோலுக்குத்தான் கிராக்கி! அவர்கள் பீவர் தோல்களைத் தைத்துப் போர்வையாக்கி, மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றிரண்டு குளிர்காலம் போர்த்திக் கொள்வார்கள். உடம்பில் உராய்ந்து உராய்ந்து மேல் மயிரெல்லாம் உதிர்ந்துவிடும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறித் தோல் மெத்தென்று ஆகிவிடும். தொப்பி செய்கிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். பழந்துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்குகிற கலையில் நம் வீட்டு அம்மாள்மார்களுக்கு ஈடில்லை என்று இதுநாள்வரை நினைத்திருந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள்! கட்டிக் கிழித்த போர்வையைக் கொடுத்துச் செம்புக் கொப்பரையும் கத்தியும் ஊசியும் வாங்கிக் கொண்டார்கள். இந்த வெள்ளைக்காரர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவர்கள் நினைத்திருந்தால் குற்றமில்லை.

ரடிஸன் சிறு பையனாகக் கானடாவுக்கு வந்தவர். பதினைந்து வயதை ஒட்டி இருக்கும். இரண்டு சிநேகிதர்களோடு வாத்து வேட்டைக்குப் போனார். சிநேகிதர்கள் கொல்லப்பட்டார்கள். இவரை மோஹாக் என்ற பூர்வகுடியார் பிடித்துக்கொண்டு போய், ஒரு குடும்பத்தில் ஸ்வீகாரப் பிள்ளையாக வைத்துக் கொண்டார்கள். அங்கிருந்து தப்பி ஓடி மறுபடியும் அகப்பட்டபோது, நெருப்பாலும் கத்தியாலும் சித்திரவதை செய்தார்கள். அந்த ஸ்வீகாரத் தாய்தான் குறுக்கே விழுந்து காப்பாற்றினாள். அவளுடைய வீட்டார் பரிசுப் பொருள்களை எல்லாம் கொட்டிக் கொடுத்து அவர் உயிரை மீட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, 1653-ல், ரடிஸன் அந்த வீட்டை விட்டும் ஓடிவிட்டார். அந்தத் தாய் தம்மிடம் எவ்வளவு பிரியமாக இருந்தாள் என்பதைப் பிற்பாடு அவரே உருக்கமாக எழுதி வைத்திருக்கிறார். எழுதத் தெரிந்தது, இருக்கத் தெரியவில்லை.

அவருடைய அக்காள் மார்கரீத். தாய் ஒன்று, தகப்பன் வேறு. அவளை மணந்தவர் மெதார் ஷுவார். இவர் தம் பெயரோடு 'க்ரோஸெய்யே' என்று ஒரு பட்டமும் சேர்த்துக் கொண்டிருந்தார். பிரெஞ்சு பாஷையில் அது நெல்லிக்காய் மாதிரி ஒரு புளிப்புக் கனியின் செடியைக் குறிக்கும். வாயில் நுழையாத அந்தப் பெயரை லண்டன் குமாஸ்தாக்கள் 'மிஸ்டர் கூஸ்பெர்ரி' என்றே ஆக்கிவிட்டார்கள்! நாம் ஷுவார் என்றே அழைப்போம். மார்கரீத்துக்கும் ஷுவாருக்கும் 1654-ல் பிறந்த பிள்ளைதான் நம் ழான்.

மச்சானும் மைத்துனருமாக 1659-ல் ஒரு காரியம் செய்தார்கள். தோல் வியாபாரத்துக்குக் காட்டுக்குள் போக வேண்டுமானால் கவர்னரின் அனுமதி வேண்டும். கவர்னரோ, என் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போ, லாபத்தில் பங்கு கொடு என்றார். இருவரும் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறிவிட்டார்கள். சுபீரியர் என்ற கடல் போன்ற ஏரி வரைக்கும் போய், பட்டினி கிடந்து, அடுத்த வருஷம் படகு படகாகத் தோலோடு திரும்பினார்கள். காலனியே வியாபாரமின்றித் தவித்துக் கொண்டிருந்த சமயம் அது. மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டும். கவர்னர் அபராதம் போட்டுத் தோலில் பெரும் பங்கைப் பிடுங்கிக் கொண்டார். ஷுவார் பிரான்ஸுக்கே போய் முறையிட்டும் பலிக்கவில்லை.

அந்தப் பிரயாணத்தில் அவர்கள் ஒரு ரகசியம் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். நல்ல தோலெல்லாம் வடக்கே, ஹட்ஸன் விரிகுடாவைச் சுற்றி இருக்கிறது. அதைப் படகில் ஏற்றி, ஆறு ஏரி காடெல்லாம் கடந்து க்வெபெக்குக்குக் கொண்டு வருவானேன்? கப்பலை நேரே விரிகுடாவுக்குள் விட்டால் தீர்ந்தது! பிரெஞ்சு சர்க்கார் காது கொடுக்கவில்லை. மச்சான்கள் பாஸ்டனுக்குப் போனார்கள். அங்கிருந்து 1665-ல் இங்கிலாந்துக்கே போய்விட்டார்கள். இரண்டாம் சார்லஸ் ராஜா காது கொடுத்தார். அவருடைய உறவினர் ரூபர்ட் இளவரசர் பணமும் கொடுத்தார். 1668-ல் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. ரடிஸன் ஏறிய கப்பல் புயலில் அடிபட்டுத் திரும்பிவிட்டது. ஷுவார் போன 'நான்ஸச்' என்ற குட்டிக் கப்பல், ஸக்கரையா கில்லம் என்ற காப்டனின் பொறுப்பில் போய், மறு வருஷம் தோல் மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. (இந்தக் காப்டனின் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருகிறார், பாவம்!) 1670 மே 2-ந் தேதி ஹட்ஸன் பே கம்பெனி பிறந்தது. நமது கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தங்கை முறை. அதைவிடப் பல காலம் அதிகமாக உயிரோடிருந்து, கடைசியில் ஜவுளி முதல் சட்டிபானை வரை விற்கும் பெரிய கடைகளாக மாறி, 2025-ல்தான் அந்தக் கடைகளும் மூடப்பட்டன.

கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர் ஸர் ஜான் கிர்க். அவர் மகள் மேரியை ரடிஸன் கல்யாணம் செய்துகொண்டார். காட்டிலே திரிந்த பிள்ளைக்கு லண்டனில் பெரிய இடத்துச் சம்பந்தம்! இனியாவது ஒரு இடத்தில் இருந்திருக்கலாம் அல்லவா? கம்பெனியார் சம்பளத்தில் கஞ்சத்தனம் செய்தார்கள். மச்சான்களின் யோசனையையும் மதிக்கவில்லை. பிரான்ஸிலிருந்து மெல்ல ஓர் அழைப்பு வந்தது. 1670-களின் நடுவில் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள்.

மேரி லண்டனிலேயே நின்றுவிட்டாள். பிரெஞ்சு மந்திரி கோல்பேர் விவரமான மனுஷர். "உன் பெண்சாதி அங்கே இருக்கும்வரை உன் மனசும் அங்கேதான் இருக்கும். அவளை அழைத்து வா, பிறகு உன்னை நம்புகிறேன்" என்கிற மாதிரி சொல்லிவிட்டார். மாமனாரோ, பெண்ணை அனுப்ப முடியாது என்று ஒரே பிடிவாதம். ரடிஸன் லண்டனுக்கே போய் மன்றாடினார். நடக்கவில்லை. மேரி என்ன நினைத்தாள் என்று யாராவது கேட்டார்களா? அவள் கையால் எழுதிய ஒரு வரி நமக்குக் கிடைத்திருந்தால், மாமனாரும் மந்திரியும் எழுதிய கடிதங்களையெல்லாம் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடலாம்.

இப்படி ஒரு நாட்டிலே ஓடுகாலி என்ற பெயரும், மற்ற நாட்டிலே சந்தேகப் பேர்வழி என்ற பெயருமாக ரடிஸன் திண்டாடினார். கொஞ்ச காலம் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, 1678-ல் கப்பல் உடைந்து கையிலிருந்ததையும் கடலுக்குக் கொடுத்தார். கடைசியாக, க்வெபெக்கிலிருந்த லா ஷெனே என்ற பணக்கார வியாபாரி அவரை நம்பினார். அவருடைய முதலில் இரண்டு சின்னஞ்சிறு கப்பல்களும், முப்பது பேருக்குக் குறைவான ஆட்களும் சேர்ந்தன. 1682 கோடையில் ரடிஸன், ஷுவார், வாலிபன் ழான் மூவரும் ஹட்ஸன் விரிகுடாவின் மேற்குக் கரைக்குப் புறப்பட்டார்கள். தாங்களே சொல்லிக் கொடுத்து உண்டாக்கிய ஆங்கிலக் கம்பெனியின் வயிற்றில் அடிக்கத்தான்!

அந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் படம் போட்டுக் கொள்ளுங்கள். ஹேய்ஸ், நெல்ஸன் என்று இரண்டு நதிகள் அக்கம்பக்கமாக வந்து கடலில் விழுகின்றன. நடுவே சதுப்பும் குட்டை மரங்களுமாக ஒரு நாக்கு நிலம். இலையுதிர் காலத்திலேயே தண்ணீர் உறைய ஆரம்பித்துவிடும். பிறகு வருஷத்தில் பாதிக்கு மேல் பனிதான். விறகுக்குப் போனவன் பனிப்புயலில் வழி தப்பினால், பனி உருகிய பிறகுதான் எலும்பு கிடைக்கும். அங்கே க்ரீ மக்கள் காலம் காலமாக வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைத்த தோல் செருப்பும், நரம்பால் பின்னிய பனிநடைச் சட்டமும் இல்லாவிட்டால் எந்த வெள்ளைக்காரனும் அந்தக் காட்டில் நாலு மைல் நடந்திருக்க முடியாது. சரித்திரப் புத்தகங்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம்.

ரடிஸன் ஹேய்ஸ் நதிக் கரையில் மச்சானை விட்டு வீடு கட்டச் சொல்லிவிட்டு, மருமகன் ழானைக் கூட்டிக்கொண்டு படகில் ஆற்றோடு மேலே போனார். பல நாள் பிரயாணத்துக்குப் பிறகு க்ரீ கூட்டத்தாரைச் சந்தித்தார். அவர்கள் பாஷையும் மரியாதையும் அவருக்கு அத்துபடி. கிழத் தலைவர் ஒருவர் அவரைப் பிள்ளையாகவே வரித்துக் கொண்டார். இது எத்தனையாவது தகப்பன் என்று கணக்கு வைக்க முடியவில்லை!

திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள், வடக்கே நெல்ஸன் நதிப் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்டது. இந்த அத்துவானக் காட்டில் பீரங்கியா? ரடிஸன் இரண்டு மூன்று ஆட்களோடு வேவு பார்க்கக் கிளம்பினார். நெல்ஸன் நதியில் ஒரு தீவில், பாஸ்டனிலிருந்து வந்த ஒரு கூட்டம் வீடு கட்டிக் கொண்டிருந்தது. கம்பெனியின் அனுமதி இல்லாமல் திருட்டு வியாபாரத்துக்கு வந்த கூட்டம். தலைவன் ஓர் இளைஞன், பென் கில்லம். அந்தப் பழைய காப்டன் ஸக்கரையா கில்லத்தின் மகனேதான்!

ரடிஸனிடம் இருந்ததோ கைவிரலில் எண்ணக் கூடிய ஆட்கள். அவர் சற்றும் அசரவில்லை. "பிரெஞ்சு ராஜாவின் பேரில் நான் இங்கே ஆட்சி செய்கிறேன். எனக்குக் கோட்டை இருக்கிறது, படை இருக்கிறது. குளிருக்கு ஒரு குடிசை போட்டுக்கொள், போனால் போகிறது. ஆனால் காட்டுப் பக்கம் தலை காட்டாதே, பூர்வகுடியார் பொல்லாதவர்கள்" என்கிற பாணியில் ஒரு போடு போட்டார். பையன் நம்பிவிட்டான்.

சரி, தொல்லை விட்டது என்று நதியோடு கீழே இறங்கினால், கடலிலிருந்து இன்னொரு கப்பல் பாய்விரித்து வருகிறது! அது ஹட்ஸன் பே கம்பெனியின் சொந்தக் கப்பல், 'பிரின்ஸ் ரூபர்ட்'. அதில் கம்பெனி நியமித்த கவர்னர் ஜான் பிரிட்ஜர் இருந்தார். காப்டன் யார் தெரியுமோ? தகப்பன் கில்லம்! மகன் ஆற்றுக்கு மேலே திருட்டு வியாபாரம் செய்கிறான். தகப்பன் ஆற்று வாயில் கம்பெனிக் கப்பலோடு நிற்கிறான்.

கப்பல் மேலே போனால் குட்டு உடைந்துவிடும். ரடிஸன் கரையில் இறங்கி நெருப்பு மூட்டிப் புகை எழுப்பினார். பூர்வகுடியார் அழைக்கிறார்கள் போலும் என்று கப்பல் நங்கூரம் பாய்ச்சிற்று. மறுநாள் காலையில் படகில் வந்த கவர்னரைத் துப்பாக்கியோடு எதிர்கொண்டு, தம்முடைய ஓரிரு ஆட்களை மரங்களுக்குப் பின்னால் நிறுத்தி, காடு முழுவதும் படை இருப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு அந்தக் கப்பலுக்கே போய் விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்தார்! இதிலே ஒரு தப்பு நேர்ந்திருந்தால் அன்றைக்கே கயிற்றில் தொங்கியிருப்பார். கம்பெனியின் கண்ணில் அவர் துரோகி அல்லவா?

அந்த இலையுதிர் காலமும் குளிர்காலமும் அவர் ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வது! மூன்று கூட்டங்கள். இரண்டு ஆங்கிலக் கூட்டங்களுக்கும் ஒன்றைப் பற்றி ஒன்றுக்குத் தெரியக் கூடாது. தெரிந்து இரண்டும் சேர்ந்துவிட்டால் பிரெஞ்சுக்காரர்கள் தொலைந்தார்கள். மூன்றுக்கும் நடுவே காட்டில் நடந்து நடந்து, இங்கே ஒரு பொய், அங்கே ஒரு பொய் என்று சொல்லி, யாரிடம் எவ்வளவு உணவு, எத்தனை துப்பாக்கி என்று கணக்கெடுத்து வந்தவர் ரடிஸன் ஒருவர்தான். மகன் இருக்கும் விஷயத்தைத் தகப்பனுக்கு ரகசியமாகச் சொல்லி, பென் கில்லத்துக்குப் பிரெஞ்சுக்காரன் மாதிரி வேஷம் போட்டுத் தகப்பனின் கப்பலுக்கே கூட்டிப் போனார்! கவர்னர் பிரிட்ஜர் அங்கேயே இருந்தார். கண்டுபிடித்தால் மகனின் கப்பல் பறிமுதல். ஆகவே தகப்பனும் மகனும் வாய் திறக்கமாட்டார்கள். பாசத்தையே பூட்டாகப் போட்டுச் சாவியைத் தம் மடியில் முடிந்து கொண்டார் மனுஷர். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் படிக்கும்போது முதுகு சில்லிடுகிறது.

அதுதான் அந்தத் தகப்பனும் மகனும் கடைசியாகப் பழகிய காலம். அக்டோபரில் பனிக்கட்டிகள் மோதி 'பிரின்ஸ் ரூபர்ட்' நங்கூரம் அறுந்து கடலுக்குப் போயிற்று. காப்டன் கில்லமும் கப்பலில் இருந்த மாலுமிகளும் மூழ்கிப் போனார்கள். கரையிலிருந்த கவர்னரும் ஆட்களும் உணவின்றித் தவித்தார்கள். ரடிஸன் அவர்களுக்கு ஆகாரம் அனுப்பினார். நல்ல குணமா, அல்லது பசித்தவனைக் கைக்குள் வைத்துக்கொள்ளும் யுக்தியா? இரண்டும் இருக்கலாம்.

பிறகு நடந்தது சுருக்கமாக: பென் கில்லத்தை விருந்துக்கு அழைத்து, வந்தவனை வெளியே விடவில்லை. சொற்ப ஆட்களோடு போய் அவன் கோட்டையையும் கப்பலையும் பிடித்தார். கவர்னரும் கைதியானார். வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்தபோது பிரெஞ்சுக்காரர்களின் சொந்தக் கப்பல்கள் நொறுங்கின. அதனால் என்ன? பென்னின் கப்பலிலேயே பென்னையும் கவர்னரையும் தோல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு 1683 ஜூலையில் க்வெபெக்குக்குப் புறப்பட்டார்கள்.

காவலுக்கு யார்? ழான். சுமார் முப்பது வயது. கூட ஏழு பேர். அடுத்த வருஷம் வந்துவிடுகிறோம், அதுவரை பார்த்துக்கொள் என்று சொல்லி அப்பாவும் மாமாவும் கப்பலேறினார்கள். உலகத்தின் விளிம்பு போன்ற அந்த இடத்தில், எட்டே ஆண்பிள்ளைகள், வரப் போகிற குளிர்காலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

க்வெபெக்கில் பழைய கதைதான். இரண்டு ராஜாக்களும் அப்போது சமாதானமாக இருந்தார்கள். கவர்னர் லா பார், எதற்கு வம்பு என்று பென்னுக்குக் கப்பலைத் திருப்பிக் கொடுத்து, கைதிகளையும் விடுவித்தார். மச்சான்களின் தோலுக்கு வரி போட்டார். பாரிஸுக்குப் போய் முறையிடலாம் என்று போனால், மந்திரி கோல்பேர் காலமாகிவிட்டார். அங்கே ஆங்கிலத் தூதர் பிரெஸ்டன் பிரபுவின் ஆட்கள் ரடிஸனைச் சுற்றி வந்தார்கள். 1684 மே மாதம் ரடிஸன் மறுபடியும் லண்டனில் இருந்தார்! எந்தக் கம்பெனியின் கவர்னரைக் கைதியாக்கினாரோ, அதே கம்பெனி அவரைத் தழுவிக்கொண்டது. ஒரே வாரத்தில் கப்பல் தயார். போக வேண்டிய இடம், ஹேய்ஸ் நதி. செய்ய வேண்டிய வேலை, அக்காள் பிள்ளையிடமிருந்து கோட்டையை வாங்கிக் கொடுப்பது.

இதற்கிடையில் ழான் என்ன செய்து கொண்டிருந்தான்? கம்பெனியின் ஆட்கள் பக்கத்து நதியில் வந்து இறங்கி அவனுக்கு ஆசை காட்டினார்கள். அவன் மசியவில்லை. க்ரீ மக்களோடு நல்லபடியாகப் பழகி, இருந்த சொற்பச் சரக்கை வைத்து வியாபாரம் செய்தான். ரடிஸனே எழுதிய கணக்குப்படி, அவன் சேர்த்து வைத்திருந்தது 239 கட்டுகள்; 12,000 பீவர் தோல்கள். மாமாவுக்காகவும் அப்பாவுக்காகவும் அதைக் கட்டிக் காத்தான்.

மாமா வந்தார். ஆங்கிலக் கொடியோடு வந்தார்.

மருமகனைத் தனியே அழைத்து, பிரெஞ்சு சர்க்கார் உன் அப்பாவுக்கும் எனக்கும் செய்த அநியாயமெல்லாம் உனக்குத் தெரியாதா, இனி நமக்கு நல்ல காலம் இங்கிலாந்தில்தான் என்று சொல்லிப் பார்த்தார். அவன் திகைத்துப் போனான். கடைசியில், தாய்மாமன் சொல்லை மீற மாட்டாமல், சரி என்றான். துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் கோட்டை கை மாறியது. இந்தச் சமயத்தில் ஷுவார் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். மைத்துனரோடு லண்டனுக்கு வர அவர் இசையவில்லை. தகப்பன் ஒரு பக்கம் நிற்க, மாமன் பிள்ளையை மறு பக்கம் இழுத்துக் கொண்டார்.

அதோடு விடவில்லை. ழானும் ஆட்களும் அங்கேயே பழகிய மக்களோடு இருந்துவிட எண்ணினார்கள். ரடிஸன் சம்மதிக்கவில்லை. தோல் மூட்டைகளோடு அவர்களையும் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டு போய்விட்டார். லண்டனில் கால் வைத்த நாளிலிருந்து ழான் பிரான்ஸுக்குப் போகத் துடித்தான். கம்பெனி விடுமா? அந்தக் கரையின் பாஷையும் மனுஷர்களும் தெரிந்தவன் எதிராளியிடம் போவதா? சம்பளம் பேசி, ஆங்கிலக் குடியுரிமையும் வாங்கிக் கொடுத்து, திரும்ப அதே ஹேய்ஸ் நதிக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அவன் காத்த இடத்தில் எழுந்த கம்பெனியின் 'யார்க் பாக்டரி' 1957 வரையில் நடந்தது. அவன் பெயரை அங்கே எதற்கும் வைத்ததாக நான் படித்ததில்லை.

அந்தக் காலத்திலே எழுதிய கதைகளில் துரோகிக்கு உடனே இடி விழும். ரடிஸனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பிரெஞ்சு சர்க்கார் அவரைப் பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது, யாரும் பிடிக்கவில்லை. 1685-ல், பாரிஸில் அவரை வளைத்துப் போட உதவிய கோதே என்பவரின் மகளையே இரண்டாந்தாரமாக மணந்தார். எலிஸபெத் என்று மூன்றாவதாக ஒருத்தியும் வந்தாள். கம்பெனி வருஷத்துக்கு நூறு பவுன் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. தோல் வியாபாரம் மந்தமானதும் அதை ஐம்பதாக்கிற்று. ரடிஸன் கோர்ட்டுக்குப் போய் வழக்காடி ஜெயித்தார். 1700-ல், வயசு காலத்தில், கம்பெனியின் கிடங்குக் காவல் வேலையாவது கொடுங்கள் என்று மனுப் போட்டார். இரண்டு ராஜாக்களை ஆட்டி வைத்தவர் கிடங்குச் சாவிக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. சாவியை இவர் கையில் கொடுக்க யாருக்குத்தான் தைரியம் வரும்!

தம் பிரயாணங்களை அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்று ஸாமுவேல் பீப்ஸ் என்ற பிரபல நாட்குறிப்புக்காரரின் காகிதக் குவியலில் கிடந்து, 1885-ல் பாஸ்டனில் அச்சேறியது. அதற்குப் பிறகுதான் உலகம் அவரைப் பேச ஆரம்பித்தது.

ரடிஸன் 1710-ல் இறந்தார். அடக்கச் செலவுக்கென்று கம்பெனி அவர் விதவைக்கு ஆறு பவுன் கொடுத்துப் புத்தகத்தில் பற்று எழுதிக் கொண்டது. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, அதே அம்மாள் நோயும் வறுமையுமாக அந்த வாசலுக்கு மறுபடி வந்தபோது, தர்மமாகப் பத்து பவுன் கொடுத்ததாகவும் கணக்கு இருக்கிறது. தோல் மூட்டைகளின் கணக்கு எழுதிய அதே கம்பெனியின் குமாஸ்தாக்கள்தான் இதையும் எழுதியிருக்கிறார்கள்.